காற்று வந்தால் சாத்தும் கை

ஏரியைப் பார்த்த முகப்பில் மட்டும் முப்பத்திரண்டு ஜன்னல்கள். இத்தாலியில், கோமோ ஏரிக்கரையில் வில்லா கலிம்பேரியைக் கட்டிய மகானுபாவனுக்கு அவற்றைத் திறந்து மூடுகிற வேலை இருந்திருந்தால் பத்தோடு நிறுத்தியிருப்பான். வெள்ளைத் தூண், பளிங்குப் படி, சீவிவிட்ட தலை மாதிரி புதர்வேலி எல்லாம் அவன் ரசனைக்கு. ஜன்னல் கதவுகள் வேலைக்காரி ஒர்சோலாவின் தலையில்.

மத்தியானம் தெற்கிலிருந்து ப்ரேவா காற்று கிளம்பும். கிளம்பியதுமே கதவுகளைச் சாத்திக் கொக்கி போட வேண்டும். பதினாலு வயதிலிருந்து அதுதான் அவள் பிழைப்பு.

இருபது வயதில் தோட்டக்காரன் ஜெர்வாசோ மேல் உயிராக இருந்தாள். குளிர்காலத்துக்காக எலுமிச்சைத் தொட்டிகளைக் கண்ணாடிக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டே அவன் கேட்டான்.

"சுவிஸ்ல ஒரு ஓட்டல் தோட்டத்துல வேலை கிடைச்சிருக்கு. எங்கூட வர்றியா?"

"எங்கப்பாவை யாரு கேப்பா? உங்க தாத்தாவா?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குப் படகுல வர்றேன். சம்மதம்னா மூலை ஜன்னலைத் திறந்து வை, நேரா உங்கப்பாகிட்ட போறேன். மூடியிருந்தா அப்படியே ஊரைப் பாத்துப் போயிடுறேன்."

பதினொன்றரைக்கே திறந்து வைத்தாள். படகு தெரிந்தது. அந்தப் பாழாய்ப்போன காற்று அன்றைக்கென்று முன்னாலேயே வந்தது. கை தானாக நீண்டு கதவைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டது! ஐயோ என்று திறந்து பார்த்தால், படகு வடக்கே போய்க்கொண்டிருந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதில் விழும்?

நாற்பது வருஷம் அந்த வலது கையைத்தான் திட்டித் தீர்த்தாள். பெண் கேட்டு வந்த இரண்டு பேரையும் வேண்டாம் என்றாள்.

"ஏண்டி, இந்த ஜன்னலுங்களுக்கே வாக்கப்பட்டுட்டியா?" என்பாள் சமையல்காரி பியா.

"ஆமா. அதுங்க உன் புருஷன் மாதிரி குறட்டை விடாது."

வாய்தான் சிரிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டு மணிக்குக் கண் ஏரிக்கு ஓடும். மனசு கிடந்து ஏங்கும்.

கலிம்பேரி குடும்பம் நொடித்து, டிக்கெட் வாங்கி யாரும் உள்ளே வரலாம் என்றான பிறகு, ஒரு மே மாதம் நரைத்த தலையோடு ஜெர்வாசோ வந்து நின்றான். பெண்டாட்டி போய் இரண்டு வருஷமாம். ஒர்சோலா சௌக்கியம்கூடக் கேட்கவில்லை.

"நான் வேணும்னு சாத்தலை, ஜெர்வாசோ! காத்து வந்துச்சு. பழக்கதோஷம், கை சாத்திடுச்சு!"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீ சாத்தினதை நான் பாக்கவே இல்லையே, ஒர்சோலா. திறந்திருந்ததைத்தான் பாத்தேன். உங்கப்பா முன்னாடி நிக்கணும்னு நெனச்சதும் பயந்துட்டேன். படகைத் திருப்பிட்டேன்."

ஒர்சோலா வலது கையை இடது கையால் ரொம்ப நேரம் தடவிக்கொண்டே நின்றாள்.