ஓடுகிற வெள்ளிக்குத் தப்படித்த அங்கமுத்து

ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் வானத்துக்காக மல்லுக்கட்டிய காலத்தில், அந்தச் சண்டையில் வேலை போகப் பார்த்த ஆள் எங்கள் தோட்டத்து அங்கமுத்து அண்ணன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன? இலங்கை மலைநாட்டில், பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. நடுவில் ஒரு சுவர்தான். அவர் இருமினால் எங்கள் வீட்டுச் சட்டி பானை அதிரும்.

அவருக்குப் பகலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை, விடியற்காலையில் தப்படிக்கிற வேலை. தப்பை நெருப்பில் காய்ச்சி, லயத்து வாசலில் நின்று அடிப்பார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே கங்காணி ஆளெண்ணி வேலை பிரிப்பார். கடிகாரம் பெரிய கிளாக்கர் வீட்டில் இருந்தது, லயத்தில் ஏது? எதிர்மலைக்கு மேலே விடிவெள்ளி ஒரு முழம் ஏறிவிட்டதா, அடி தப்பை. அது வராத மாதங்களில் வேறு வெள்ளிகளைப் பார்த்து அடிப்பார். அவர் தப்பை நம்பித்தான் முந்நூறு பேர் தூங்கினோம்.

அவர் பிறந்ததும் அதே லயம், அவருடைய அப்பா பிறந்ததும் அதே லயம். நாற்பத்தெட்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அதற்குக் கடுதாசி காட்டு என்றது. லயத்தில் விழுந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் எந்த மகராசன் கடுதாசி எழுதி வைத்தான்? இலங்கை வேண்டாமென்றது, இந்தியாவும் வாவென்று கூப்பிடவில்லை. அன்றிலிருந்து எங்களில் பெரும்பாலானவர்களைப் போல அவரும் எந்த நாட்டுக்காரரும் இல்லை.

ஆனால் பாருங்கள், எங்களை யாரும் வேண்டாத அந்த நாளில் இரண்டு பெரிய நாடுகளுக்கும் எங்கள் மேல் திடீர்ப் பாசம். பிள்ளைக்காம்பராவுக்கு அமெரிக்கப் பால்மா வந்தது. பெரகல இப்றாஹீம் நானா கடையில் ரஷ்யப் படப் புத்தகங்கள் வழுவழுவென்று தொங்கின. செங்கொடித் தொழிற்சங்கத்துத் தலைவன் சிவஞானம் அவற்றை வாங்கி வந்து காம்பராச் சுவரெல்லாம் ஒட்டினான். பால்மாவையும் குடித்தோம், படத்தையும் பார்த்தோம். அறுபத்தொன்றில் ரஷ்யாக்காரன் மனிதனையே வானத்துக்கு அனுப்பிவிட்டான் என்று சிவஞானம் வந்து சொன்னபோது, அங்கமுத்து அண்ணன் கவ்வாத்துக் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“அங்கேருந்து பாத்தா நம்ம தோட்டம் தெரிஞ்சிருக்குமாப்பா?” என்று கேட்டார். 

அந்த வருஷம் ஆவணி மாதம். மலை முழுக்க மூடுபனி. அண்ணன் கண் விழித்து வெளியே எட்டிப் பார்த்தார். பனி விலகிய ஒரு கிழிசலில் பெரிய வெள்ளி ஒன்று, உச்சிக்குப் பக்கத்தில், பளபளவென்று நிற்கிறது.  தூங்கித் தொலைத்தோம், விடிவெள்ளி இவ்வளவு உயரம் ஏறிவிட்டது என்று, தப்பைச் சரியாகக் காய்ச்சக்கூட நில்லாமல் அடித்தார். அப்படி ஒரு அடியை நான் அதற்கு முன்னே கேட்டதேயில்லை.

“ஐயையோ, நேரமாயிருச்சே! அரைப்பேரு போட்டுப் பாதிச் சம்பளத்த வெட்டிருவானே!” என்று லயமே அலறிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடியது. நான் தலையைக்கூட முடிந்துகொள்ளவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் கங்காணியே அங்கில்லை. கிழக்கு வெளுக்கவுமில்லை. எல்லோரும் அண்ணனைத் திட்ட வாயெடுத்த நேரத்தில் பனி கலைந்தது.

“அடியே, வெள்ளி நடக்குதுடி!” என்று யாரோ ஒருத்தி கத்தினாள்.

நடந்தது. சத்தியமாக நடந்தது. சத்தமில்லை, புகையில்லை. மற்ற வெள்ளிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு, அவசரமேயில்லாமல் எங்கள் தலையைத் தாண்டிக் கிழக்கே போனது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்போது சொல்லும்போதும் கையைப் பாருங்கள், மயிர் நிற்கிறது. அண்ணன் மனைவி கருப்பம்மா மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. நான் பக்கத்தில் நின்ற யாருடைய கையையோ இறுக்கிப் பிடித்திருந்தேன். யார் கை என்று இன்றுவரை தெரியாது. அது எதிர்மலைப் பக்கம் இறங்கி மறைந்தது. அசல் விடிவெள்ளி அங்கே அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் தப்பைக் கீழே போட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றார்.

அத்தோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவஞானம் சும்மா இருப்பானா? “ரஷ்யா வெள்ளி! தொழிலாளி வெள்ளி! ஜே!” என்று கத்தினான். பாதிச் சனம் என்னவென்று தெரியாமலே ஜே போட்டது. பக்கத்துத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இருட்டில் தப்படித்து ஆள் கூட்டி ரஷ்யாவுக்கு ஜே போட்டார்கள் என்று தோட்டத்துத் துரையின் காதுக்குப் போய்விட்டது. துரை சீமையிலிருந்து புதிதாக வந்தவன், தமிழ் ஒரு சொல் தெரியாது. அங்கமுத்துவுக்குப் பத்துச்சீட்டு எழுதச் சொல்லிவிட்டான். பத்துச்சீட்டு கிடைத்தால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எங்கே போவது என்று சீட்டில் எழுதியிருக்காது.

பெரிய கிளாக்கர் சிற்றம்பலம் ஐயா யாழ்ப்பாணத்தார், ரேடியோ கேட்கிறவர். ஆபீஸ் வாசலில் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அங்கமுத்து, உது ரஷ்யன்ர இல்லை. அமெரிக்கன் பூமியைச் சுத்த விட்ட பெரிய பலூன். நான் ரேடியோவில கேட்டனான். துரைக்கு ரஷ்யா எண்டாத்தான் கோவம். அமெரிக்காவின்ர வெள்ளியைப் பார்த்து அடிச்சனான் எண்டு சொல்லும். மிச்சத்தை நான் பார்க்கிறன்.”

சிவஞானம் விடவில்லை. “அண்ணே, ரஷ்யா வெள்ளின்னே சொல்லுங்க. சீட்டக் குடுத்தான்னா கொடியத் தூக்கிருவோம். ஒரு பய வேலைக்கு மலை ஏற மாட்டான்.”

“நாசமாப் போங்க ரெண்டு பேரும்!” என்று கருப்பம்மா மதினி சீறினாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, எவன் பேரையாவது சொல்லித் தொலைங்க. இந்தக் காம்பராவ விட்டா நமக்கு எந்த நாடுங்க இருக்கு?” எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு படியோரம் நின்றேன்.

உள்ளே துரை இங்கிலீஷில் கேட்டான். கிளாக்கர் ஐயா தமிழில் கேட்டார்: “நீர் ஆற்ற வெள்ளிக்கு அடிச்சனீர்? ரஷ்யன்ரயோ, அமெரிக்கன்ரயோ?”

அண்ணன் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.  

“தொரைகளே, யாரு விட்டதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியும்னு பொய் சொல்ல வாய் வரலீங்க. அத கண்ணால பாத்துட்டேனுங்க. அம்புட்டு ஒசரத்துல, ஒரு கடுதாசி இல்லாம எல்லா நாட்டுக்கும் மேல போகுதுங்க. நீ எந்த நாட்டுக்காரன்னு எவனும் நிறுத்திக் கேக்க முடியலீங்க. அது எங்க லயத்துக்கு மேலயும் வந்துச்சுங்க. அம்புட்டுத்தாங்க.”

கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு துரையிடம் இங்கிலீஷில் சின்னதாக ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் “அமெரிக்கன்” என்ற சொல் காதில் விழுந்தது. துரை வாய்விட்டுச் சிரித்தான். சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டான்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார். “ஐயா, நான் அமெரிக்கான்னு சொல்லலீங்களே?”

“ஓம், சொல்லேல்லை,” என்றார் கிளாக்கர் ஐயா.  “நீர் சொன்னதைச் சொல்லியிருந்தால் உம்மட வேலையும் போயிருக்கும், அவருக்கு விளங்கியுமிராது. போம், போய் வேலையைப் பாரும்.”

லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் மதினி அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் முன்னால் நடந்தாள். பிழைத்த சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் ஏசினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணவில்லை. பின்னாலே தேயிலைக்கு நடுவில் நின்று, பட்டப்பகல் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இன்னும் அந்த விடியற்காலை மலைப்பு.

“கருப்பம்மா, அது இப்ப எந்த ஊருக்கு மேல இருக்கும்?”

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த ஊரா இருந்தா என்னங்க?” என்றாள். “கடுதாசி இல்லாம எறங்கவா விடப் போறானுங்க?”