கோவ் மாதாவுக்கு முன்னால் அன்டன் செய்த சத்தியம்

என் அண்ணன் அன்டன் கைநீட்டுகிறவன். தங்கச்சி நான் மூத்தவனை ‘அவன்’ என்று எழுதுவது மரியாதை இல்லைத்தான், இருக்கட்டும். மொன்றியல் நகரத்தில், லாசால் பகுதியில், எங்கள் கத்தோலிக்கக் கோவில் ஆட்கள் “அன்டனுக்குக் கொஞ்சம் முன்கோபம்” என்று பூசி மெழுகுவார்கள். முன்கோபக்காரன் தன் முதலாளியையும் ஒருநாளாவது அடித்திருக்க வேண்டுமே? இவன் அடித்ததெல்லாம் தன் மனைவியை, என் அண்ணி றொசானாவை.

அண்ணி மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. விடியமுன் இரண்டு பஸ் மாறிப் போவார். இரண்டு ஆண்கள் முக்கித் தூக்குகிற பெட்டியைத் தனியே தூக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார். தமிழ்ப் பூசையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் எடுத்தால் கடைசி வாங்குப் பலகையில் தூங்குகிற கிழவனும் எழும்பிவிடுவான். அப்படிப்பட்ட மனுஷி வீட்டுக்குள் சத்தமே போடாமல் அடி வாங்கினார்.

போன மாரியில் அண்ணன் அவருடைய தலையைப் பிடித்துக் குசினி அலுமாரிக் கதவில் மோதினான். காதுச்சவ்வு கிழிந்துவிட்டது. கீழ்வீட்டில் இருக்கும் நான்தான் பொலிஸைக் கூப்பிட்டேன். வழக்குப் பதிவானது. அதற்குப் பிறகு கோவிலில் சனம் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தால், அலுமாரியில் தலையை மோதியது நான்தான் என்று நினைப்பீர்கள்.

வழக்கு வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. அண்ணி சாட்சி சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது. அதனால் கோவில் பெரியவர் செபஸ்தியாம்பிள்ளை சமாதானம் பேச வந்தார். அயர்லாந்தில் எங்கள் ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்கு அதற்கு முந்தின வாரம்தான் கல்யாணம். “மூண்டு பேருமாப் போட்டு வாங்கோ. வேற ஊர்க் காத்துப் பட்டால் மனம் மாறும்” என்றார். கிட்டப் போகக் கூடாது என்று நீதிமன்றம் அண்ணனுக்குப் போட்டிருந்த நிபந்தனையையும் அண்ணியே கேட்டுத் தளர்த்த வேண்டியதாயிற்று. கோவில் சனம் இருபது பேர் ஒரு பெண்ணைச் சுற்றி நின்று மன்னி, மன்னி என்றால் அவள் என்ன செய்வாள்?

கல்யாணத்துக்கு மறுநாள் கோர்க் நகரத்தில் வாடகைக் கார் எடுத்தோம். “இஞ்சை இடப்பக்கம்தான் ஓடவேணும், கவனம்” என்று கார் தந்த பெடியன் ஆங்கிலத்தில் சொன்னான். அண்ணன் சிரித்தான்.

“ஊரிலை இடப்பக்கம் ஓடித்தானே பழகினனான். எனக்கு ஆர் படிப்பிக்கிறது?”

ஊரில் அவன் ஓட்டியது மோட்டார் சைக்கிள். மொன்றியலில் பாதி ஆயுள் வலப்பக்கம் ஓடியது அவன் நினைவில் இல்லை.

முதலில் பிளார்னிக் கோட்டை. வாசலுக்கு மேலே ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே நுழைகிற எதிரியின் தலையில் கல்லும் கொதிதண்ணீரும் கொட்டுவதற்காம். அண்ணன் அதை வாய்பிளந்து பார்த்துப் படமும் எடுத்தான். மேலே ஏறும் சுருள்படி மிகவும் ஒடுக்கம். காது கிழிந்த நாள் முதல் அண்ணிக்குத் தலைசுற்று. நடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அண்ணன் அவருடைய மேல்கையை இறுக்கி முன்னே தள்ளினான்.

“நட. பின்னாலை சனம் நிக்குது.”

அண்ணியின் முழங்கால் கல்லில் அடிபட்டது. கீழே நின்ற ஒரு வெள்ளைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அவன் அழகாக ஒரு சிரிப்புச் சிரித்தான். எனக்கு அந்தப் படியிலேயே அவனை உருட்டிவிட வேண்டும் போல் இருந்தது.

அடுத்தது கோவ் என்ற ஊரின் ஆலயம். துறைமுகத்துக்கு மேலே குன்றில் நிற்கிற பேராலயம் அது. உள்ளே போனதும் அண்ணன் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தான். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, “மடு மாதா ஆணை, இனி இவளிலை கை வைக்க மாட்டன்” என்றான். எங்கள் சனத்துக்கு இதற்கு மேல் ஒன்றுமில்லை. எங்கள் மன்னாரின் மடுக் கோவில் மாதாவின் பெயரில் சத்தியம் செய்தவன் மீறினால் வீடு விளங்காது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கோர்ட்டும் பொலிஸும் எழுதி வாங்குவதைவிட எங்களுக்கு அதுதான் பெரிய உறுதி.

அதை என் போனில் எடுக்கச் சொல்லி, செபஸ்தியாம்பிள்ளைக்கும் அனுப்ப வைத்தான். அவர் கும்பிடுகிற கைப் படம் ஐந்தாறு அனுப்பினார். அண்ணி தேம்பித் தேம்பி அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, நான் சாட்சி சொல்லமாட்டன்” என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு கின்சேல் துறைமுகம் பார்க்கப் புறப்பட்டோம். அண்ணன் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினான். கின்சேல் ஊர் எல்லையில் ஒரு சுற்றுவட்டம் வந்தது. பழக்கம் அவனை வலப்பக்கம் திருப்பியது. எதிரே ஒரு மீன் லொறி நேராக எங்கள் மேல் வந்தது.

“இடம்! இடம்!” என்று கத்திக்கொண்டு அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். கார் புல்லில் ஏறி ஒரு அறிவிப்புப் பலகைக் கம்பத்தை முறித்துக்கொண்டு நின்றது. லொறிக்காரன் இறங்கி வந்து, அண்ணன் பக்கத்துக் கார்க் கண்ணாடியில் கையால் குத்தி, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினான். மலை போல ஆள். அண்ணன் “சொறி, சொறி” என்று குழைந்தான். லொறி போய் மறையும் மட்டும் அசையாமல் இருந்தான். பிறகு திரும்பி அண்ணியின் முகத்தில் அறைந்தான்.

“என்னை மானங்கெடுத்திப் போட்டாய்! ஸ்டியரிங்கிலை கை வைக்க நீ ஆரடி?”

இரண்டாவது அடி முன்பு கிழிந்த அந்தக் காதிலேயே விழுந்தது. மூன்றாவதுக்குக் கை ஓங்கும்போது நான் பின்னாலிருந்து அவனுடைய தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு பிளந்தது. கையில் அகப்பட்ட குடையால் அவன் தலையில் அடித்தேன், கம்பி வளையும் வரை அடித்தேன். அதற்காக நான் ஒரு மாதாவிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அண்ணி கதவைத் திறந்து இறங்கி நடந்தார். காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு ஒழுகியது. நானும் பின்னால் ஓடினேன். கீழே துறைமுகத்தில் சனம் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தது. ஒரு வாங்கில் இருந்தோம். என் சால்வையை மடித்து அவருடைய காதில் அழுத்திப் பிடித்தேன்.

அண்ணன் வந்தான். முகம் வெளுத்திருந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் அண்ணியின் காலடியில் விழுந்தான்.

“றொசானா, சத்தியத்தை மீறிப் போட்டன். மாதா என்னைச் சும்மா விடமாட்டா. மன்னிச்சனெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. எனக்குப் பயமாக் கிடக்கு.”

அண்ணி அவனைக் குனிந்து பார்த்தார்.

“லொறிக்காரனுக்குப் பயந்தியள். இப்ப மாதாவுக்குப் பயப்பிடுறியள். எனக்குத்தான் நீங்கள் ஒருநாளும் பயப்பிடேல்லை” என்றார். “மாதாவிட்டைச் செய்த சத்தியத்துக்கு மாதாவிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. திங்கட்கிழமை நான் சாட்சி சொல்லுவன்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “நிரஞ்சி, நீ என்ரை தங்கச்சி. நீயாவது சொல்லு.”

“ஓம் அண்ணை, சொல்லுவன். அண்ணி சொல்லி முடிய, அடுத்தது நான்” என்றேன்.