வலை எடுக்காத காலை

ஒகேனக்கல்லில் மீன் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. காவிரியில் நீர்நாய்கள் குறைந்துவிட்டன, அவற்றைக் காப்பாற்ற உங்களோடு சேர்ந்து திட்டம் போடப்போகிறோம் என்று தருமபுரியில் நடந்த கூட்டத்துக்கு வனத்துறையினர் எங்கள் ஊர் மீனவர்களை அழைத்திருந்தார்கள். இருட்டு விலகுவதற்குள் வேன் வந்துவிட்டது.

"நீ போ. நான் ராத்திரி போட்ட வலைய எடுத்துட்டு வர்றேன்" என்றார் என் கணவர்.

"வேன் கெளம்பிரும். ஒரு நாளுதானே, வந்து எடுத்துக்கலாங்க" என்றேன்.

கூட்டத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். நான் எழுந்தேன். "வெடியறதுக்குள்ள வலைய எடுத்துட்டா போதுங்க. வெளிச்சம் வந்தாத்தான் நீர்நாய் குட்டியோட மீனுக்கு வரும், வலையில மாட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அதைத் திட்டத்தின் முதல் விதியாக எழுதினார் அதிகாரி. அந்தக் கைதட்டலில்தான் எங்கள் வலை இன்னும் ஆற்றில் கிடப்பது எனக்கு உறைத்தது. வேனில் வந்த அத்தனை பேருடைய வலையும்தான். சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேன் கிளம்பும் என்றார்கள்.

திரும்பியதும் பரிசலில் போய் வலையை இழுத்தோம். கனத்தது. கழுத்தில் வலை இறுகி ஒரு குட்டி வந்தது. என் கணவர் அறுத்தெடுத்து, தலைகீழாகப் பிடித்து, நெஞ்சைத் தேய்த்துப் பார்த்தார். அசையவில்லை. தாய் பரிசலைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது.

"அதுகிட்ட என்னத்தச் சொல்றது" என்றார்.

நேற்று அடுத்த கூட்டத்துக்கு போன் வந்தது. வேன் அதே நேரத்துக்கு வருமாம்.

"சரிங்க" என்றேன்.