கபடிக் கோட்டுக்குள் ஒரு ஃபார்முலா

1. அம்மா வந்தார்

இரணியல் பக்கம் ஒரு பள்ளியில் நான் பி.டி. மாஸ்டர். எங்கள் பெண்கள் கபடி டீமின் முதல் ரெய்டர் அபிஷா, பத்தாம் வகுப்பு. அவள் எதிர்க் கோட்டுக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினால், தொடப்பட்டவளுக்கே சந்தேகம் வந்துவிடும். அப்படி ஒரு வேகம். கணக்குப் பரீட்சை என்றால் மட்டும் அந்தப் பிள்ளை இருந்த இடத்திலேயே இருப்பாள்.

மாவட்டப் போட்டிக்குச் சில வாரங்கள் இருந்தபோது அவளுடைய அம்மா கிரேசி, காலாண்டு விடைத்தாளோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

“சாரே, இவளுக்க அப்பா துபாயில கெடந்து வெயில் கொள்ளுகாரு. இவ இஞ்ச மண்ணுல கெடந்து உருளுகா. படிக்கான்னு நான் கண்ணால காணணும். காணலேன்னா இந்தப் போட்டியோட கபடி முடிஞ்சு. அவரும் அதத்தான் சொல்லுகாரு.”

அபிஷா என்னைப் பார்த்தாள். நான் கணக்கு டீச்சரைப் பார்த்தேன்.

கணக்கு டீச்சர் எஸ்தரைப் பற்றி ஒரு வார்த்தை. டைம் டேபிளில் பி.டி. என்று எழுதியிருந்தால் அவர் அதைக் கணக்கு என்றுதான் வாசிப்பார். நல்லவர்தான், ஆனால் கணக்கைத் தவிர உலகத்தில் மற்றதெல்லாம் இன்டர்வெல் என்று நினைப்பவர்.

2. டீச்சரின் தனிச் சட்டம்

அன்று சாயங்காலமே எஸ்தர் டீச்சர் குடையோடு மைதானத்துக்கு வந்துவிட்டார். அபிஷா மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று பாடிப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாரே, இம்புட்டு மூச்சும் வெறுதே ஒரு வார்த்தைக்குப் போகுதே. இதுல ஃபார்முலா சொல்லட்டு.”

“டீச்சரே, ரெய்டுல கபடின்னுதான் பாடணும். அது ரூலாக்கும்.”

“பிராக்டிஸ்லதானே சொல்லச் சொல்லுகேன்? மேட்சுல கபடின்னு சொல்லிட்டுப் போட்டு.”

நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டாமல் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதவே வேண்டியிருக்காது.

மறுநாள் முதல் எங்கள் மைதானத்தில் கபடிச் சத்தம் நின்றது. “ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர், ஏ ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏபி ப்ளஸ் பி ஸ்கொயர்” என்று அபிஷா பாடிக்கொண்டு பாய்வாள். தப்பாகச் சொன்னால் பிடிக்கலாம், சரியாகச் சொன்னால் விட்டுவிட வேண்டும் என்று டீச்சர் தனிச் சட்டம் போட்டார். பிடிக்க வேண்டிய பிள்ளைகள் கையைக் கோத்து நின்று விடை திருத்திக்கொண்டிருந்தார்கள். என் விசிலும் டீச்சர் கழுத்துக்குப் போய்விட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை ஃபார்முலாவைத் தெளிவாகப் படித்துவிட்டாள். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

3. நாகர்கோவில் மைதானம்

போட்டி நாளில் கிரேசியும் வந்திருந்தார், கையில் மொபைலோடு. அபிஷா ஆட்டம் முழுக்க ஒழுங்காகக் கபடி பாடினாள். கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமமான பாயின்ட். கடைசி ரெய்டு அவளுக்கு.

உள்ளே இறங்கினாள். நாலு பேர் சுற்றி வளைத்தார்கள். அந்தப் பதற்றத்தில் அவள் வாயிலிருந்து வந்தது, “ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்!”

எதிரணிப் பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். அபிஷா இரண்டு பேரைத் தொட்டாள், பி ஸ்கொயர் வரை முழுசாகப் பாடி முடித்தாள், கோட்டைத் தாண்டித் திரும்பினாள். நாங்கள் குதித்தோம். அம்பயர் விசில் அடித்து, கபடி பாடாததால் தொட்டது செல்லாது என்று எதிரணிக்கு ஒரு பாயின்ட் கொடுத்தார். அந்த ஒரு பாயின்டில் தோற்றோம்.

எஸ்தர் டீச்சர் குடையோடு கோட்டுக்குள் இறங்கிவிட்டார்.

“அம்பயர் சாரே, அதுல என்ன தெத்து? டூ ஏபிய விட்டாளா?”

“டீச்சர், கணக்கு சரிதான். ஆட்டம்தான் தப்பு.”

“சரியா சொன்னவளுக்கு மார்க் இல்ல, கேட்டுட்டு நின்னவளுவளுக்கு மார்க்காக்கும்?”

அவரைச் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அபிஷா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தோற்றது கிடக்கட்டும், இனி இந்தப் பிள்ளையை ஆட விடமாட்டார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

கிரேசி வேகமாக வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏட்டி, எதுக்குக் கரையுக? எழும்பு மக்கா. சாரே, இத்தன ஆளுக்கு முன்ன, நாலு பேரு பிடிக்க வரும்போளும் தெத்தாம சொன்னா, பாத்தியளா! வீடியோ துபாய்க்கு அனுப்பியாச்சு. ‘பிள்ளைய நிறுத்தாண்டாம், ஆடட்டு’ன்னு அவரு சொல்லிட்டாரு.”

அபிஷா அழுகையை நிறுத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் வாழ்க்கையில் எந்தக் கோப்பைக்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

இருந்தாலும் ஒரு பாடம் படித்தேன், இளைய மாஸ்டர்களுக்கும் அதையே சொல்கிறேன். பிள்ளைக்குப் படிப்பும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நேரம் கொடுங்கள், ஒன்றுக்குள் ஒன்றைத் திணிக்காதீர்கள். காலையில் டீச்சரிடம் கணக்கு, சாயங்காலம் என்னிடம் கபடி என்று பிரித்த பிறகு அபிஷா அரையாண்டில் பாஸ் ஆனாள், டீமிலும் நின்றாள்.

ஆனால் அன்று மைதானத்தில், இனிமேல் ரெய்டில் கபடி மட்டும்தான் என்று நான் சொன்னபோது கிரேசியின் முகம் வாடிப்போனது.

“அப்போ சயின்ஸ எங்க வச்சு சொல்லுவா சாரே?”