அம்மா கேட்க நினைத்த ஜாஸ்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா முதன்முதலாக ஓர் இடத்துக்குப் போக ஆசைப்பட்டாள். அதுவரை அவள் போன இடங்களெல்லாம் போயே ஆக வேண்டியவை: கல்யாணம், காதுகுத்து, சாவு, குலதெய்வம் கோயில். இது அப்படியில்லை. சென்னையில் ஜாஸ் என்ற மேல்நாட்டு இசை வாசிக்கும் ஒரு கிளப். உத்திரமேரூரை அடுத்த எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எல்லாம் ஒரு கவுனில் ஆரம்பித்தது. அம்மா வீட்டில் மெஷின் வைத்து ஊருக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாலாஜாபாத்தில் பேண்டு செட் வைத்திருந்த ஒருவரின் மகள், சென்னையில் சாக்ஸபோன் வாசிப்பவள், மேடையில் போட்டுக்கொள்ளக் கறுப்பு கவுன் தைக்க வந்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். அக்காவோ விலா புடைக்க மூச்சை இழுத்து நிறுத்தி, "இப்ப எடுங்கக்கா" என்றாள். ஊதும்போது தையல் பிரிந்துவிடக் கூடாதாம். அம்மாவுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"மேடையில இன்னா பாட்டு வாசிப்ப?" என்று கேட்டாள்.

"ஒரு பாட்ட ஆரம்பிச்சி வுடுவோம்க்கா. அப்பறம் யாருக்கு இன்னா தோணுதோ அத வாசிச்சிக்கினே போவோம். நேத்து வாசிச்சது இன்னிக்கி வராது."

"தப்பாப் பூட்டா?"

"அந்தத் தப்ப வெச்சே மேல போவ வேண்டியதுதான்."

அம்மா டேப்பைக் கழுத்தில் மாட்டியபடி அப்படியே நின்றுவிட்டாள். அரை இஞ்ச் தவறினால் துணியே பாழாகிற வேலை அவளுடையது. தப்பிலிருந்து மேலே எப்படிப் போவது? அன்று முழுக்க நாங்கள் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொன்று வாசித்தால் சண்டை வராதா? முடிந்துவிட்டது என்று யார் சொல்வது? எப்போது கைதட்டுவது என்று பாட்டு கேட்க வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கவுனை வாங்க வந்தபோது, நேரில் வந்தே கேட்க அக்கா ஒரு வழி சொன்னாள். சென்னையில் அவள் வாசிக்கும் ஜாஸ் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வாசிப்பு. அங்கே கூட்டம் அள்ளுமாம். மேசை நாற்காலியெல்லாம் முன்கூட்டியே நிரம்பிவிடுமாம். வெள்ளிக்கிழமைக்குள் வருவதாகச் சொன்னால் எங்களுக்கு மூன்று நாற்காலி பிடித்து வைப்பாள்.

"பாட்டு கேக்கறதுக்கு இன்னாத்துக்கு மேச?" என்றார் அப்பா. அவர் நல்லவர், கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் இல்லாமல் சென்னைக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "நமக்கு அங்க இன்னா வேல கீது?" என்று கேட்டார்.

"நான் தெச்ச கவுனு வாசிக்கும்போது எப்டி நிக்கிதுன்னு பாக்கணும்" என்றாள் அம்மா. பாட்டு கேட்கத்தான் என்று சொல்ல அவளுக்கு வெட்கம்.

"அதுக்குப் போட்டோ அனுப்பச் சொன்னா போச்சி" என்று சிரித்தார் அப்பா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போறதுதான் போறோம், தாம்பரத்துல அண்ணன் வூட்டையும் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

அந்தப் "போறதுதான் போறோம்" என்ற வார்த்தையில்தான் வினை இருந்தது. பெரியப்பா வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது, எனவே அரை மூட்டை புது அரிசி சேர்ந்துகொண்டது. அவர்கள் மதியச் சாப்பாடு போடாமல் அனுப்ப மாட்டார்கள். பக்கத்துத் தெரு அத்தை கேள்விப்பட்டு ஓடி வந்தார். போவதுதான் போகிறீர்கள், எனக்கும் கண் சோதித்து ஒரு கண்ணாடி வாங்கிவிடலாமே என்றார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டத்தை எழுதும் பொறுப்பு எனக்கு. முதல் வரியில் ஜாஸ் என்று பெரிதாக எழுதியிருந்தேன். அதன் கீழே வேலைகள் வளர்ந்துகொண்டே போயின. அப்போதும் அம்மா பதறவில்லை. அரிசியை ஏழு மணி பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டால், சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கு முடித்தால், கண்ணாடிக் கடைக்கு அத்தையோடு அப்பா போனால், நாலு மணிக்குள் கிளப்புக்குப் போய்விடலாம் என்று துணி வெட்டுவதுபோல நேரத்தை வெட்டி ஒட்டிக் காட்டினாள். இடம் இருந்தது. கொஞ்சமாக, ஆனால் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் வாயைத் திறந்தேன். "போறதுதான் போறோம், வண்டலூர் ஜூவுல எறங்கிப் புலி பாத்துட்டு வரலாம்பா."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை கேட்கிறாள், போகிற வழிதானே என்று அத்தை எனக்காகப் பேசினார். அப்பா உடனே ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் மணிக்கணக்கு போட்டுப் பார்த்தார்கள். அரிசி மூட்டையோடு காலையில் அங்கே இறங்க முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு புலியா, ஜாஸா, ஏதாவது ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. எதை எடுத்துவிடுவது என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவே தாளை வாங்கி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"மொதல் வரிய அடிச்சிடு பாப்பா. இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்."

ஸ்கேல் வைத்துக் கோணாமல் அடித்தேன். என்ன அழகாக அடித்திருக்கிறேன் பார் என்று அவளிடமே காட்டவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டு, "இந்த வாரம் தோதுப்படல கண்ணு, நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடு" என்று அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா வேலையும் ஒழுங்காக நடந்தது. வண்டலூரில் புலி வெகுநேரம் புதருக்குப் பின்னால் படுத்தே கிடந்தது. நாலு மணி வாக்கில் எழுந்து வெயிலில் நிதானமாக நடந்தது. நான் கம்பியைப் பிடித்துக் குதித்தேன். அம்மா போனில் மணி பார்த்துவிட்டு அதைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேம்மா."

"புடிச்சிதா?"

"ரொம்பப் புடிச்சிது."

என் தலையைத் தடவிக்கொடுத்தாள். உனக்கு என்று அவளைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. கரடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன்.