ஒதுக்கி வைத்த நரம்பு

எங்கள் எஜமான் யாக்கோபுக்கு எதுவும் குறைவாகக் கிடைத்ததில்லை. எதுவும் நேராகக் கிடைத்ததுமில்லை. இரட்டையரில் அவர் இளையவர். கண் தெரியாத அப்பா ஈசாக்கு மூத்தவர் ஏசாவுக்கென்று வைத்திருந்த ஆசியை, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, "நான்தான் ஏசா" என்று சொல்லி வாங்கிவிட்டார். உடன்பிறந்தவன் உன் முன்னால் குனிவான் என்பது அந்த ஆசி. வாங்கிய கையோடு, அண்ணன் கொன்றுவிடுவாரென்று ஊரைவிட்டு ஓடினார். ஆசி பெற்றவர் மாமன் வீட்டில் ஆடு மேய்த்தார். நான் அங்கேதான் அவரிடம் சேர்ந்தேன்.

பல வருஷம் கழித்து மனைவி மக்களோடு ஊர் திரும்பும்போது, ஏசா நானூறு பேரோடு எதிரே வருவதாகச் செய்தி வந்தது. குனியப்போகிறவர் இத்தனை பேரைத் திரட்டிக்கொண்டு வரமாட்டார். வெட்டுவாரா, தம்பி என்பாரா? எஜமான் மந்தைகளைப் பிரித்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, அண்ணனுக்குக் காணிக்கையாக அனுப்பினார். ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் ஒரே வாசகம்.

"'இது உங்க அடிமை யாக்கோபு எஜமான் ஏசாவுக்கு அனுப்புன காணிக்கை, அவரும் பின்னால வர்றார்.' இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

முதலில் போனவை நான் ஓட்டிய வெள்ளாடுகள். மறுநாள் காலையில் ஏசா எதிர்ப்பட்டார். உடம்பெல்லாம் ரோமம், செம்பட்டைத் தாடி.

"என் தம்பி நல்லா இருக்கானாய்யா?"

வாசகத்தைச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். தலை நரைச்சிருச்சா? இன்னும் பருப்புக் கூழ் காய்ச்சுறானா?"

மறுபடியும் அதையே சொன்னேன். சிரித்தார். பின்னால் செம்மறிகள் வந்தன, ஒட்டகங்கள் வந்தன, கழுதைகளும் வந்தன. அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எல்லாரும் ஒரே பாட்டைத்தானய்யா பாடுறீங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லி விடலையா அவன்?"

எஜமானோ முந்தின இரவு குடும்பத்தை யாப்போக்கு ஆற்றைக் கடக்க வைத்துவிட்டு, அந்தக் கரையில் தனியாகத் தங்கியிருந்தார். விடியும்வரை யாரோ ஒருவர் அவரோடு மல்லுக்கட்டினாராம். மனிதரா, கடவுளா, தெரியாது. ஆசி தராமல் விடமாட்டேன் என்று இவர் பிடித்துக்கொண்டாராம். "உன் பேர் என்ன?" என்று கேட்டாராம் வந்தவர். அப்பா அதைக் கேட்டபோது ஏசா என்று சொன்ன வாய், இந்த முறை யாக்கோபு என்றது. ஆசி கிடைத்தது. இஸ்ரவேல் என்று புதுப் பெயரும் கிடைத்தது. கூடவே, வந்தவர் தொடைச்சந்தைத் தொட்டதில் இடுப்பும் பிசகிற்று. அதனால் இன்றுவரை எங்கள் கூடாரங்களில் ஆட்டின் தொடைச்சந்து நரம்பை யாரும் தின்பதில்லை.

நொண்டிக்கொண்டே வந்து, நின்று நின்று தரையில் விழுந்து அண்ணனைக் கும்பிட்டார். ஆசி தலைகீழாகிவிட்டது. ஏசா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்.

"எஜமான் இந்தக் காணிக்கையை..."

"எஜமானா? யாருடா அது? அண்ணான்னு கூப்பிட வாய் வலிக்குதா?"

"எஜமான் மறுக்கக் கூடாது."

"எங்கிட்டயே நெறைய இருக்குடா. சரி, குடு. வா, என் ஊரு சேயீருக்குச் சேர்ந்தே போவோம்."

"பிள்ளைங்க சின்னது. கறவை ஆடுங்க வேகமா நடக்காது. எஜமான் முன்னால போங்க, நான் மெதுவா வந்துடறேன்."

ஏசா தெற்கே போனார். நாங்கள் மேற்கே திரும்பி வீடு கட்டினோம். ஆடுமாடுகளுக்கும் கொட்டகை போட்டோம். போகிறவன் கொட்டகை போடுவதில்லை. அதன்பிறகு மாலைகளில் எஜமான் தெற்குப் பார்த்து உட்காருவார். பக்கத்தில் யாராவது வந்தால் திரும்பிக்கொள்வார்.

ஈசாக்கைப் புதைக்கத்தான் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். புதைத்த பிறகு ஒரே தட்டில் இறைச்சி வைத்தோம். எஜமான் நரம்பைப் பிரித்து ஓரத்தில் தள்ளினார்.

"அதை ஏன்டா ஒதுக்குறே?"

"பழக்கம்."

ஆற்றங்கரையில் நடந்ததை அண்ணனிடம் சொல்ல அவருக்குக் கிடைத்த நேரம் அதுதான். சொல்லவில்லை. இறைச்சியென்றால் உயிரை விடும் ஏசா தம்பியின் இடுப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தன் பங்கிலிருந்த நரம்பையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதைத் தின்றார். பிறகு சேயீருக்குக் கிளம்பிப் போனார்.

இரண்டு நரம்பும் கிடந்த அந்தத் தட்டை எஜமான் எடுக்க விடவில்லை.