கங்காணி வெளியே இருக்கட்டும்

போன செவ்வாய்க்கிழமை தெல்தோட்டைப் பக்கமிருந்து மூன்று பேர் கண்டியில் உள்ள என் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி, அவன் மனைவி, கூடவே அவர்களை வேலை வாங்கும் கங்காணி. எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

கதிரையில் உட்கார்ந்தவர் கங்காணி. பேசியதும் அவர்தான். மலைநாட்டு வழக்கம் இது – நோயாளி வாயைத் திறக்குமுன், அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று கங்காணி சொல்லிவிடுவார்.

“மூணு பிள்ளைங்க, மூணும் செத்தே பொறந்துச்சுங்க ஐயா. இவன் ஆத்தா வேற பொண்ணு பாத்துட்டா. இவளுக்குப் பிள்ளை தங்காதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தாய் வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அவளை விரட்டிவிட டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வேண்டுமாம்...

“புருஷனையும் பார்க்கணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“அவனுக்குப் பேசத் தெரியாதுங்களே.”

“எனக்குக் கேக்கத் தெரியும்.”

கங்காணியையும் அந்தப் பெண்ணையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். சரி, எப்படிக் கேட்பது? “எவளிடம் போனாய்?” என்று அதட்டும் டாக்டர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் “இல்லீங்க” மட்டும்தான். நான் மெதுவாகக் கேட்டேன்: “நிறையப் பேருக்கு வர்றதுதான்ப்பா. மறைவிடத்துல எப்பவாவது புண்ணு வந்து, தானா ஆறிச்சா?”

தரையைப் பார்த்தபடியே சொன்னான்: “கல்யாணத்துக்கு முந்திங்க. கொழும்புல மூட்டை தூக்குனப்ப... அதுதான் ஆறிப்போச்சேங்க.”

ஆறியது மேலே மட்டும். சிபிலிஸ் என்ற மேகநோய் உள்ளேயே இருந்து மனைவிக்கும் தொற்றி, கருவையும் கெடுத்திருக்கலாம் என்று விளக்கினேன். இருவருக்கும் இரத்தம் சோதிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும். குணமானால் பிள்ளை தங்க வழியுண்டு. கேட்டதும் அழுதுவிட்டான்.

“அவகிட்ட நீங்க சொல்லாதீங்க ஐயா. நானே சொல்றேன்.”

கதவைத் திறந்தேன். கங்காணி எழுந்தார். “என்னங்க, பிள்ளை தங்காதுதானே?”

நான் பதில் சொல்லுமுன் அவன் முந்திக்கொண்டான். “கோளாறு எங்கிட்ட இருந்து வந்ததுங்க. அவ மேல குத்தமில்ல.”

வந்ததிலிருந்து வாய் திறக்காத அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அப்ப நான் தாய் வீட்டுக்குப் போக வேணாங்களா?”

“வேணாம்மா. அடுத்த செவ்வாய் ரெண்டு பேரும் வாங்க” என்றேன்.

மூன்று பேர் என்று நான் சொல்லவில்லை.